உயிரியல் ஆராய்ச்சி ஒரு வட்டாரத்தின் பிழைப்பை மாற்றுமா? ஆத்தூர் பக்கத்துக் கேள்விக்கு ஒரு பதில்

கேட்டவர் சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கத்து ஊர்க்காரர், உயிரித்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்திருக்கிறார். "படித்த உயிரியலை வைத்து என் வட்டாரத்துக்கு நிலைத்து நிற்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா, இல்லை ஆராய்ச்சி என்பது கட்டுரை எழுதுவதோடு முடிந்துவிடுமா?" என்பது அவருடைய கேள்வி. இப்படிக் கேட்டால் வழக்கமாக வருகிற பதில் காளான், ஸ்பைருலினா, மண்புழு உரம். அவையெல்லாம் ஒரு குடும்பத்துக்கான தொழில் யோசனைகள், நல்ல யோசனைகளாகவே இருக்கலாம், ஆனால் அவர் கேட்டது வேறு. ஆய்வகத்தில் நடந்த வேலை எப்போதாவது ஒரு முழு வட்டாரத்தின் பிழைப்பை மாற்றியிருக்கிறதா, மாற்றியிருந்தால் எப்படி, அதில் தன்னைப் போன்ற ஒருவருக்கு இடம் எங்கே என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் படித்தது பூச்சியியல், வேலை பார்த்தது பெரும்பாலும் சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்து விவசாயிகளோடு. அதனால் என் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும். கால்நடை பற்றியெல்லாம் மேலோட்டமாகத்தான் சொல்ல முடியும்.

முதல் பாதிக்குப் பதில்: மாற்றியிருக்கிறது, அதுவும் உங்கள் பகுதியிலேயே. நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலமாக இருக்கும். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மரங்களில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. அதன் பிறப்பிடம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். தொண்ணூறுகளில் கரீபியத் தீவுகளில் பரவி, பிறகு ஃபுளோரிடா, குவாம், பலாவு, ஹவாய் என்று ஒவ்வோர் இடமாகத் தாவி, கடைசியில் நம்மிடம் வந்து சேர்ந்தது. பெயர்தான் பப்பாளி மாவுப்பூச்சி. ஓரிரு ஆண்டுகளுக்குள் மல்பெரி, குச்சிக்கிழங்கு (மரவள்ளி), பருத்தி, கொய்யா, வீட்டு வாசல் செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என எதையும் விட்டுவைக்கவில்லை. ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் பட்டுப்புழு வளர்த்த பலர் மல்பெரித் தோட்டத்தையே பிடுங்கிப் போட்டார்கள். மல்பெரியில் இது இரட்டைக் கஷ்டம். இலையைப் பூச்சி கெடுக்கும். சரி, மருந்து அடிக்கலாம் என்றால் அந்த இலையைத் தின்கிற பட்டுப்புழு சாகும். குச்சிக்கிழங்குக் காட்டில் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் அடித்துப் பார்த்தார்கள். பூச்சியின் மேல் மெழுகு மாவு மூடியிருப்பதால் மருந்து உடம்பில் சரியாகப் படாது, முட்டையும் பஞ்சு மாதிரி இருக்கிற பைக்குள் பத்திரமாகக் கிடக்கும். மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் செத்தன. ஒருவர் தன் காட்டில் அடித்து ஓய்வதற்குள் பக்கத்துக் காட்டிலிருந்து குஞ்சுகள் காற்றில் வந்து இறங்கிவிடும்.

தீர்வு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தது. அமெரிக்க வேளாண் துறை அங்கே இந்தப் பூச்சிக்கென்றே மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து வைத்திருந்தது. குவாமிலும் பலாவுவிலும் அவை பலன் கொடுத்தது ஏற்கெனவே தெரிந்திருந்தது. 2010 ஜூலையில் பெங்களூரில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் அவற்றை வரவழைத்தது. தனிமைப்படுத்தலில் வைத்து, வேறு பூச்சிகளைத் தொடுகிறதா என்று சோதித்து, அதே ஆண்டு அக்டோபரிலிருந்து வயல்களில் விட்டார்கள். மூன்றில் நம் ஊரில் நன்றாக நிலைத்தது அசிரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர் கூட நீளம் இருக்காது, யாரையும் கொட்டாது, குளவி என்ற பெயரைக் கேட்டு முதலில் பயந்தவர்கள் குப்பியைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். மாவுப்பூச்சிக் குஞ்சின் உடம்புக்குள் அது முட்டையிடும். உள்ளே பொரிக்கிற புழு குஞ்சை உள்ளிருந்தே தின்று, வெறும் கூடாக்கி, பொடி ஓட்டை ஒன்று போட்டுக்கொண்டு குளவியாக வெளியே வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம், மத்திய பட்டு வாரியம், வேளாண் அறிவியல் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து அதைப் பெருக்கின. பெருக்குகிற முறையில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் கிடையாது: உருளைக்கிழங்கை முளைக்கவிட்டு, முளையில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன் மேல் குளவியை விட்டு, வெளிவருகிறவற்றைக் குப்பியில் பிடிப்பது. ஊருக்கு நூறு குளவி என்ற அளவில் இலவசமாகக் கொடுத்தார்கள். விட்ட இடங்களில் ஐந்தாறு மாதங்களில் பூச்சி அடங்கியது. பிடுங்கிய மல்பெரியைத் திரும்ப நட்டார்கள்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) கொஞ்சம் உற்சாகமாகவே சொல்வோம். குளவி நிலைத்துவிட்டது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் அதைப் பார்க்க முடிகிறது, அதற்குப் பின் வந்த கோடைகளில் 2009, 2010 அளவுக்கு மாவுப்பூச்சி தலைதூக்கவில்லை. இவை உறுதி. ஆனால் 2010-இல் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது, பலத்த மழை மாவுப்பூச்சியைக் கழுவித் தள்ளும், அதனால் முதல் சில மாத வீழ்ச்சி முழுவதையும் குளவியின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. பணக் கணக்கும் அப்படித்தான். 2014-இல் வெளியான ஒரு பொருளாதார மதிப்பீடு, இந்தியாவுக்கு ஐந்து ஆண்டுகளில் கிடைத்த பயன் 50 கோடி டாலரிலிருந்து 130 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றது. கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதிலிருந்தே, எத்தனை அனுமானங்கள் அதற்குள் போயிருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். கீழ் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாலும் செலவோடு ஒப்பிட்டால் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வெளிநாட்டு உயிரியைக் கொண்டுவந்து விடுவது எப்போதும் இப்படி நல்லபடியாக முடியாது. 1935-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று விட்ட தேரை, கரும்பு வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றது. இன்றுவரை அங்கே அது ஒரு தொல்லை. எதையும் தின்கிற தேரையும், ஒரே ஒரு மாவுப்பூச்சியை நம்பி வாழ்கிற குளவியும் ஒன்றில்லை. அந்த வேறுபாட்டைச் சோதித்துச் சொல்கிற வேலைக்குத்தான் தனிமைப்படுத்தல் ஆய்வகம். அதனால் யாராவது உங்களிடம் "நல்ல பூச்சி" என்று எதையாவது வெளியூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி விட்டுவிடாதீர்கள்.

இந்த உதாரணத்தை நான் முதலில் எடுத்ததற்குக் காரணம், இதை யாராலும் ஒரு தனி ஆளுக்கு விற்க முடியாது என்பதுதான். உங்கள் காட்டில் விட்ட குளவி நாளைக்குப் பக்கத்துக்காரர் காட்டில் இருக்கும், அதற்கு சர்வே நம்பர் தெரியாது. ஒருமுறை நிலைத்துவிட்டால் அடுத்த வருடம் யாரும் வாங்க வேண்டியதில்லை. அடுத்த வருடம் வாங்க ஆள் இல்லாத பொருளை எந்தக் கம்பெனியும் செய்யாது, அதில் அவர்களைக் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. ஆக, பொதுப் பணத்தில், பொது நிறுவனங்களில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு வகை ஆராய்ச்சி இருக்கிறது. கிராமத்துக்கு அதிகம் உதவியது, நான் பார்த்தவரை, அந்த வகைதான். அதன் அளவுகோல் ஏக்கர் கிடையாது, வட்டாரம். பூச்சி, வைரஸ், தண்ணீர் எல்லாமே வட்டார அளவில் நடமாடுகிறவை. நாம்தான் ஒவ்வொரு காட்டுக்கும் தனித்தனியாக மருந்து விற்றுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான இரண்டாவது உதாரணம் குச்சிக்கிழங்கு மாவுப்பூச்சி. இது வேறு இனம். தென் அமெரிக்காவிலிருந்து எழுபதுகளில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே கிழங்கை நம்பி இருந்த கோடிக்கணக்கான மக்களின் சாப்பாட்டில் கை வைத்த பூச்சி. இதற்கான குளவியை, அனகைரஸ் லோபசி என்று பெயர், 1981-இல் பராகுவேயில் கண்டுபிடித்து அதே ஆண்டே நைஜீரியாவில் விட்டார்கள். அந்த முயற்சியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்துக்கு 2008-இல் பூச்சி போய்ச் சேர்ந்தபோது 2009-இல் குளவி பின்னாலேயே போனது. நமக்கு 2020-இல் கேரளத்தில் திருச்சூரில் முதலில் பூச்சி தெரிந்தது, பிறகு சேலம், நாமக்கல் பக்கம் வந்தது. குருத்து சுருங்கிக் கொத்தாகிவிடும், பார்த்திருப்பீர்கள். குளவியை மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்திலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சின்ன விஷயம். ஆப்பிரிக்காவில் அவசரம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்தும், கேட்டபோது அந்தக் குளவியை அனுப்பிவைக்க பெனினில் ஆட்கள் இருந்தார்கள். செடிக்குத் தண்ணீர் விட்டு, மாவுப்பூச்சி வளர்த்து, குளவிக்குக் கொடுக்கிற வேலை. அதற்கு யாரும் கட்டுரை எழுத முடியாது, பரிசும் கிடையாது. அப்படி ஆள் இல்லாமல் போயிருந்தால் தாய்லாந்துக்கும் நமக்கும் குளவி வந்து சேர இன்னும் நாளாகியிருக்கும்.

சரி, இரண்டு முறையும் பூச்சி வந்து குளவி வர இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் மல்பெரியைப் பிடுங்கியவர் பிடுங்கியவர்தான். இந்தத் தாமதத்தில் ஒரு பகுதி அனுமதி, சோதனை, தனிமைப்படுத்தல். அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொரு பகுதி, புதுப் பூச்சி ஒன்று வந்திருக்கிறது என்று யாராவது கவனிப்பதற்கு ஆகிற நேரம். கிராமத்தில் எல்லா வெள்ளைப் பூச்சியும் மாவுப்பூச்சிதான், கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான். ஒரு கைக்கண்ணாடியும், நல்ல கேமரா உள்ள போனும், இனம் பிரிக்கக் கொஞ்சம் பயிற்சியும் உள்ள ஒருவர் வட்டாரத்துக்கு ஒருவர் இருந்தால் இந்த நேரம் சுருங்கும். உங்களுக்கான இடம் எங்கே என்று கேட்டீர்களே, முதல் இடம் இது. சம்பளம் வருமா என்றால், இப்போதைக்கு நேரடியாக வராது.

வருமானம் வரக்கூடிய இடம் விதைக்குச்சி, அதாவது நடுவதற்காக வெட்டுகிற குச்சிக்கிழங்குத் தண்டு. இலையில் மஞ்சள் திட்டு விழுகிற தேமல் நோயை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அது வைரஸ், வெள்ளை ஈ பரப்பும், ஆனால் அதைவிட முக்கியமாக நாமே பரப்புகிறோம்: நோய் உள்ள செடியின் குச்சியை வெட்டி அடுத்த வருடத்துக்கு நடுகிறோம், ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு லாரியில் ஏற்றுகிறோம். மாவுப்பூச்சியும் பல இடங்களுக்கு அதே லாரியில்தான் போனது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ ரக்‌ஷா மாதிரி தேமலைத் தாங்குகிற ரகங்களைக் கொண்டுவந்திருக்கிறது. ரகம் இருக்கிறது, குச்சி இல்லை. ஒரு செடியிலிருந்து சாதாரணமாகப் பத்து குச்சிதான் கிடைக்கும், அதனால் ஒரு நல்ல ரகம் ஒரு வட்டாரம் முழுக்கப் போய்ச் சேர வருடங்கள் ஆகும். இதற்கும் அந்த நிறுவனமே ஒரு வழி சொல்லியிருக்கிறது. இரண்டு கணு மட்டும் உள்ள சிறு துண்டுகளாக வெட்டி, நிழல்வலை நாற்றங்காலில் நெருக்கமாக முளைக்க வைத்து, தேமல் காட்டுகிற நாற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீதியை நடுவது. அப்படிச் செய்தால் ஒன்றுக்கு அறுபது வரை பெருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நிழல்வலை, தண்ணீர், கண் பழக்கம், கறார்த்தனம், இவ்வளவுதான் தேவை. கறார்த்தனம் என்று சொன்னது ஏனென்றால், லேசாகத் தேமல் தெரிகிற நாற்றைப் பிடுங்கி எறிய மனசு வராது, அதுவும் காசு கொடுத்து வாங்க ஆள் வாசலில் நிற்கும்போது.

இங்கே ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் கிழங்கை வாங்குவது மாவுச்சத்துப் பாயிண்ட் கணக்கில். ஒரு ரகம் எவ்வளவு நோய் தாங்கினாலும், பாயிண்ட் குறைந்தால் விவசாயி அதைத் தொட மாட்டார், முள்ளுவாடி, குங்கும ரோஸ் மாதிரி ரகங்களை நட்டவருக்கு அதுதான் அளவுகோல். அதனால் எந்த ரகமாக இருந்தாலும் முதலில் உங்கள் மண்ணில், உங்கள் தண்ணீரில் நட்டு, உங்கள் ஊர் ஆலையிலேயே பாயிண்ட் பார்த்துவிட்டுப் பெருக்குங்கள். ஆராய்ச்சி நிலையத்து எண்ணிக்கை அங்கே சரி, உங்கள் கரட்டு நிலத்தில் அதே எண்ணிக்கை வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அப்புறம், பாயிண்டுக்கு எவ்வளவு விலை என்பதை எந்த உயிரியலும் தீர்மானிக்காது. ஜவ்வரிசி விலை விழுந்த வருடம் நோயில்லாத காடும் நஷ்டம்தான்.

சுத்தமான நாற்று என்றால் எல்லோருக்கும் உடனே திசு வளர்ப்பு வாழை நினைவுக்கு வரும். அது வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் கீழ்ப்பழநி மலையில் விருப்பாட்சி வாழைக்கு முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாகப் போன கதையைக் கேட்டுப் பாருங்கள். வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றைக் கொண்டுபோய் நட்டாலும், சுற்றி நோய்பட்ட பழைய மரங்கள் நின்றால் அசுவினி அதிலிருந்து இதற்கு நோயைக் கொண்டுவந்துவிடும். கன்று சுத்தமாக இருந்தால் போதாது, மலையே சேர்ந்து பழையதை அகற்ற வேண்டும். ஆய்வகம் பாதி வேலையைத்தான் செய்யும், மீதி ஊர்க்கூட்டத்தில் நடக்க வேண்டியது.

நுண்ணுயிர் உரங்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உயிரித்தொழில்நுட்பம் படித்தவர்களைச் சுற்றியிருப்பவர்கள் தள்ளிவிடுவது அந்தப் பக்கம்தான், அதனால் சொல்கிறேன். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் எல்லாம் அறிவியல் அடிப்படை உள்ளவைதான். ஒரு பயறு இதுவரை பயிரிடாத நிலத்தில் அதற்கேற்ற ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியாவைக் கலந்து விதைத்தால் வேர்முடிச்சு கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அசோஸ்பைரில்லத்தின் பலன் அவ்வளவு நிச்சயமில்லை, ஒரு வயலில் தெரியும், பக்கத்து வயலில் தெரியாது, ஏற்கெனவே மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்களோடு போட்டி போட்டு அது நிலைக்க வேண்டும். பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா என்பது அதற்கு முந்தைய கேள்வி. 2006-இல் உயிர் உரங்களை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்து, தூள் வடிவத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். வைத்ததெல்லாம் சரி. சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடையில் இரண்டு மாதம் கிடந்த பாக்கெட்டில் எத்தனை மிச்சமிருக்கும்? நீங்கள் இதில் இறங்குவதாக இருந்தால், தயாரிப்பதைவிட எண்ணிப் பார்க்கிற வேலையில் இறங்குங்கள். தட்டில் வளர்த்து எண்ணுகிற எளிய பரிசோதனை, கல்லூரியில் செய்திருப்பீர்கள். ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு, வாங்குகிற ஒவ்வொரு தொகுதியையும் எண்ணிச் சொல்ல ஆள் இருந்தால், மோசமான சரக்கு அந்தப் பக்கம் வராது.

பட்டுப்புழுத் தொழிலில் இந்த இடைப்பட்ட இடம் ஏற்கெனவே ஒரு தொழிலாகவே உருவாகியிருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்த புழுவை முதல் சில நாள் வளர்ப்பதுதான் கஷ்டம், வெப்பமும் ஈரமும் கொஞ்சம் தவறினாலும் நோய் வரும். அந்தக் கட்டத்தை மட்டும் தனியாகப் பிரித்து, சாக்கி மையம் என்று ஊருக்கு ஊர் ஒருவர் நடத்துகிறார். விவசாயி இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுவை வாங்கிப் போகிறார். பட்டுப்புழுவைத் தாக்குகிற ஊசி ஈயைக் கட்டுப்படுத்துகிற ஒட்டுண்ணியும் பையில் போட்டு விற்பனைக்குக் கிடைக்கிறது. ஆராய்ச்சி நிலையம் முறையைச் சொன்னது, ஊர்க்காரர் ஒருவர் அதைக் கூலிக்குச் செய்து கொடுக்கிறார், விவசாயிக்குத் தொல்லை குறைகிறது. குச்சிக்கிழங்கில் இப்படி ஓர் ஏற்பாடு இன்னும் சரியாக வரவில்லை, அதனால்தான் விதைக்குச்சியை அவ்வளவு வலியுறுத்தினேன். சேகோ ஆலைக் கழிவுநீரிலிருந்து மீத்தேன் எடுப்பதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். சேலம் பக்கம் பல ஆலைகள் கழிவை மூடிய தொட்டியில் நுண்ணுயிர்களுக்குக் கொடுத்து, வருகிற எரிவாயுவை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. ஆற்றுக்குப் போகிற அழுக்கும் குறைகிறது, எரிபொருள் செலவும் குறைகிறது. செலவு குறையாமல் அழுக்கு மட்டும் குறைந்திருந்தால் எத்தனை ஆலை செய்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கால்நடையில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். நாட்டுக்கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து எப்போதோ வந்துவிட்டது. ஆனால் குப்பி நூறு கோழிக்கு, குளிர்பெட்டியில் வர வேண்டும். பாட்டியிடம் இருப்பது ஆறு கோழி. வெப்பம் தாங்குகிற, தீவனத்தோடு கொடுக்கக்கூடிய மருந்தைத் தேடிய ஆராய்ச்சி அந்த ஆறு கோழியை மனதில் வைத்து நடந்தது. கேள்வியை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

இப்போது என்ன செய்யலாம் என்றால், வீட்டில் ஆய்வகம் கட்டக் கடன் வாங்க வேண்டாம். ஏத்தாப்பூர் நிலையத்துக்கும் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் போய், தேமல் தாங்குகிற ரகங்களில் கொஞ்சம் விதைக்குச்சி கிடைக்குமா, அனகைரஸ் குளவி உங்கள் ஊர்ப் பக்கம் விட்டாயிற்றா என்று கேளுங்கள். விட்டிருந்தால் மாவுப்பூச்சி உள்ள குருத்துகளைக் கிள்ளி வந்து, மெல்லிய துணி கட்டிய பாட்டிலில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள், குளவி வெளிவந்தால் உங்கள் ஊரில் அது இருக்கிறது. வந்த ஊர், வராத ஊர் இரண்டையும் எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். குளவி இருக்கிற ஊரில் மருந்து அடிப்பதை நிறுத்தச் சொல்லி நாலு பேரைச் சம்மதிக்க வைப்பதுதான் இதில் ஆகக் கடினமான பகுதி, அதற்கு அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் நான் பேசுவதைவிட நன்றாக வேலை செய்யும். நாற்றங்காலைப் பத்துக்குப் பத்து அடியில் ஆரம்பித்தால் போதும், பெரிதாக்குவது அடுத்த பருவத்தில் பாயிண்ட் தெரிந்த பிறகு.